அழகு என்னும் அச்சு

மங்களூர் என்று முகவரி சொன்னால், கேட்பவர் பெரும்பாலும் கர்நாடகத்துத் துறைமுக நகரத்தையே நினைத்துக்கொள்கிறார். பணி ஓய்வுக்குப் பிறகு நான் வசிப்பது கடலூர் மாவட்டத்து மங்களூரில். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் ஊர். எங்களுக்கு நகரம் என்றால் விருத்தாசலம். பழமலைநாதர் கோயிலும் பீங்கான் தொழிலும் அந்நகரின் இரண்டு அடையாளங்கள்.

சில மாதங்களுக்கு முன், அன்பளிப்புக்காகப் பொம்மைகள் வாங்க அங்குள்ள பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தேன். களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, மண் சுவரோடு படிந்து இறுகுகிறது. மீதிக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, பொம்மையை எடுத்து, பிசிறு நீக்கி, உலர்த்தி, சூளையில் சுடுகிறார்கள். ஒரே அச்சிலிருந்து வந்த பெண் பொம்மைகள் வரிசையாக நின்றன. ஒரே இடை, ஒரே மூக்கு, ஒரே புன்னகை. வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லா முகங்களுக்கும் வெளிர் ரோஜா நிறத்தையே பூசினார்கள். தூரிகை பிடித்த கைகளோ சுட்ட மண்ணின் நிறத்தில் இருந்தன.

“எல்லாப் பொம்மைக்கும் இதே நிறந்தானாம்மா?” என்று கேட்டேன். நடுத்தர வயதுப் பெண் ஒருவர் தலை நிமிராமலே பதில் சொன்னார்: “வேற கலர் அடிச்சா யாரு சார் வாங்குவாங்க? நம்ம கலர்ல ஒண்ணு செஞ்சா, அத வேலைக்காரி பொம்மைன்னு நெனச்சுக்குவாங்க.”

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். தேவை, விருப்பம், விலை, வர்க்கம் ஆகிய நான்கையும் ஒரே வாக்கியத்தில் இணைத்துச் சொன்ன மாணவர் எவரும் என் வகுப்பில் இருந்ததில்லை. அந்தப் பதிலின் வழியாகவே, நம்மிடையே அதிகம் பேசப்படாத ஒரு கலைவகையைப் பற்றி எழுதத் துணிகிறேன். பெண்ணழகு குறித்த இலக்கணங்களைக் கேள்வி கேட்பதற்குத் தம் உடலையே கருவியாக்கும் கலைஞர்களின் நிகழ்த்துகலை அது. ‘இதெல்லாம் கலையா?’ என்று முகம் சுளித்துக் கடந்துபோகும் வழக்கம் எனக்கும் இருந்தது. இன்று அவர்கள் செய்வதில், பொருளியல் செய்யத் தவறிய ஒரு பணியைக் காண்கிறேன்.

சந்தையில் முகத்தின் மதிப்பு

அழகுக்குச் சந்தையில் மதிப்பு உண்டு என்பதைப் பொருளியலாளர்கள் அளந்திருக்கிறார்கள். டேனியல் ஹாமர்மெஷ், ஜெஃப் பிடில் ஆகிய இருவரும் 1994-இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் முன்னோடி. தோற்றப் பொலிவு குறைந்தவர்களாக மதிப்பிடப்பட்டவர்கள், சராசரித் தோற்றம் உடையவர்களைவிட 5 முதல் 10 விழுக்காடு வரை குறைவாக ஊதியம் பெறுவதாக அமெரிக்க, கனடியத் தரவுகளைக் கொண்டு அவர்கள் காட்டினார்கள். வியப்பு என்னவென்றால், இந்த ஊதிய இழப்பு ஆண்களுக்கும் பெண்களுக்குச் சற்றும் குறையாமல் இருந்தது.

அப்படியானால் பெண்ணுக்கு மட்டும் என்ன தனிச் சுமை? விடை அதே கட்டுரையில் உள்ளது. அழகற்றவர்களாகக் கருதப்பட்ட பெண்கள் வேலைக்கு வருவதே குறைவாக இருந்தது; அவர்களுக்கு அமைந்த கணவர்களும் கல்வியில் பின்தங்கியவர்களாக இருந்தார்கள். ஆணின் தோற்றத்துக்கான கணக்கு பெரும்பாலும் சம்பளப் பட்டியலோடு முடிகிறது. பெண்ணுக்கு அது வேலைவாய்ப்பின் வாசலிலும் திருமணச் சந்தையிலும் தொடர்கிறது.

தார்ஸ்டைன் வெப்லன் 1899-இல் எழுதிய ‘ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு’ நூல் இன்னும் ஒரு படி ஆழமாகச் செல்கிறது. மெல்லிய கைகள், சிறிய பாதங்கள், ஒடுங்கிய இடை ஆகியவை அழகாகப் போற்றப்படுவது ஏன் என்று அவர் கேட்டார். உடலுழைப்புக்குப் பயன்படாத உடல் என்பதே அவற்றின் மதிப்பு; உழைக்காத மனைவியைப் பேணும் வசதி தனக்குண்டு என்று கணவன் ஊருக்கு அறிவிக்கும் விளம்பரம் அது என்றார். பருத்தி எடுத்துக் காய்ப்புக் காய்த்த விரல்களை எங்கள் ஊரில் எவரும் அழகு என்று சொல்வதில்லை. பீங்கான் பட்டறைப் பெண் சொன்ன ‘வேலைக்காரி பொம்மை’, வெப்லனின் கோட்பாடேதான்.

ஆயினும் புள்ளிவிவரத்துக்கு ஓர் எல்லை உண்டு. இழப்பு எவ்வளவு என்று அது சொல்லும். அந்த அழகு எப்படி உற்பத்தி செய்யப்படுகிறது, அதன் உழைப்பை யார் செலுத்துகிறார்கள் என்பதை அது காட்டாது. அழகின் இலக்கணமே உற்பத்தியை மறைப்பதுதான். ஒப்பனை தெரிந்துவிட்டால் ஒப்பனைக்கு மதிப்பில்லை. நிகழ்த்துகலைஞர்கள் நுழைவது இந்த இடத்தில்தான்.

உற்பத்தியை மேடையேற்றியவர்கள்

அமெரிக்கக் கலைஞர் எலினார் ஆன்டின் 1972-இல் உணவைக் குறைத்துக்கொண்டு, நாள்தோறும் தம் உடலை நான்கு பக்கங்களிலிருந்தும் நிழற்படம் எடுத்தார். ஐந்து வாரங்களுக்கு மேல் நீடித்த அந்த முயற்சியின் விளைவு 148 கறுப்பு வெள்ளைப் படங்கள். அதற்கு ‘செதுக்குதல்: ஒரு மரபுவழிச் சிற்பம்’ என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். கல்லைச் செதுக்கி இலட்சியப் பெண்ணைச் செய்த சிற்பியின் இடத்தில், உளியே இன்றித் தன்னைத்தானே செதுக்கிக்கொள்ளும் பெண். கரைந்தது நான்கரைக் கிலோ எடை. அடுத்தடுத்த படங்களுக்கிடையே வேறுபாடு கண்ணுக்கே தெரிவதில்லை. பட்டினிக்கும் பலனுக்கும் உள்ள இந்த அற்பமான விகிதத்தை எந்த உடல்மெலிவு விளம்பரமும் காட்டியதில்லை.

1975-இல் மரீனா அப்ரமோவிச், கலையும் கலைஞரும் அழகாக இருந்தாக வேண்டும் என்ற பொருள்படும் சொற்களை மீண்டும் மீண்டும் சொன்னபடி, உலோகச் சீப்பாலும் தூரிகையாலும் தம் தலைமுடியை வலிக்க வலிக்க வாரினார். பிரெஞ்சுக் கலைஞர் ஓர்லான் 1990 முதல் 1993 வரை ஒன்பது அறுவைச் சிகிச்சைகளை நிகழ்ச்சிகளாகவே நடத்தினார். மோனா லிசாவின் நெற்றியையும் போத்திசெல்லி வரைந்த வீனஸின் மோவாயையும் தம் முகத்துக்கு முன்மாதிரிகளாகக் கொண்டார். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுக்கொண்டு, கத்தி முகத்தில் இறங்கும்போதே நூல்களை வாசித்தார். 1993-இல் அவற்றுள் ஒன்று செயற்கைக்கோள் வழியே பிற நாட்டுக் கலைக்கூடங்களுக்கு நேரலையாகச் சென்றது. ஓவிய மேதைகள் வகுத்த அழகையெல்லாம் ஒரே முகத்தில் சேர்த்த பிறகும், வழக்கமான அழகி ஒருத்தி வெளிவரவில்லை. நெற்றிப் பொட்டுகளில் இரு புடைப்புகளையும் வைத்துக்கொண்டார். இது எவரும் பின்பற்றத்தக்க வழி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த அறைக்குள் நாள்தோறும் ஆயிரக்கணக்கான பெண்கள் அமைதியாகச் சென்று வருகிறார்கள். அதன் கதவைத் திறந்து வைத்ததே அவர் செய்தது.

நம் மண்ணின் முகங்கள்

இவையெல்லாம் மேலைநாட்டு வழக்கங்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா, பரோடாவில் சிற்பம் பயின்றவர். 1990-களின் நடுவில் சிற்பத்திலிருந்து விலகி, தாமே வேடமிட்டுக் காட்சிகளாக நிற்கும் நிழற்பட நிகழ்த்துகலைக்கு வந்தார். நிழற்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் இணைந்து 2000 முதல் 2004 வரை அவர் உருவாக்கிய ‘தென்னிந்தியச் சுதேசிப் பெண்கள்: பழக்கங்களும் வழக்கங்களும்’ என்ற தொடரை, நம்மைப் பற்றிய ஆவணம் என்றே கூறுவேன். தலைப்பே காலனிய காலத்து இனவரைவியல் நூல்களைக் கேலி செய்கிறது.

ராஜா ரவி வர்மாவின் லட்சுமியாக அவர் நிற்கிறார். 1894-இல் பம்பாயில் தொடங்கிய ரவி வர்மாவின் அச்சகம், கல்லச்சுப் படங்களாகத் தெய்வங்களைப் பெருக்கியது. பின்னர் நாட்காட்டிகளின் வழியே அந்த முகம் நம் பூசையறைக்கும் மளிகைக் கடைக்கும் வந்தது. அச்சு இயந்திரம் தெய்வத்துக்கு ஒரு நிறத்தையும் முக அமைப்பையும் நிரந்தரமாக்கிவிட்டது. வீட்டுப் பெண்ணை ‘மகாலட்சுமி மாதிரி’ என்று பாராட்டும்போது நம் மனக்கண்ணில் வருவது பெரும்பாலும் அந்த அச்சுப்படம்தான். அதே கோலத்தில் இரத்தமும் சதையுமான, நடுவயதை நெருங்கும் பெண்ணொருத்தி நிற்கும்போது, எது இயற்கை, எது அட்டைத் தாமரை என்பது பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. அந்தத் தொடரில், 1970-களின் தமிழ்ப் படமொன்றில் ஜெயலலிதா கையில் சாட்டையுடன் தோன்றும் காட்சியும் உண்டு. தேவி, நாயகி, பழங்குடிப் பெண், குற்றவாளி என எல்லா வார்ப்புகளுக்கும் ஒரே உடலைக் கொடுத்துப் பார்க்கிறார் புஷ்பமாலா.

என்னை அதிகம் உலுக்கியது, கட்டம் கட்டமான பின்திரைக்கு முன் தோடர் பெண்ணாக அவர் நிற்கும் படம். மனித உடலை அளந்து இனங்களைத் தரம்பிரிக்கக் காலனிய ஆய்வாளர்கள் பயன்படுத்திய முறை அது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுகோல்களுடன் தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து குறித்தவர். அதை இன்று அறிவியல் என்று எவரும் ஏற்பதில்லை. ஆனால் பெண் பார்க்க வரும் கூட்டம், உயரம், நிறம், பல்வரிசை, கூந்தல் என்று அளப்பதைக் கேள்வி கேட்பதில்லை. தர்ஸ்டனின் அளவுகோல் அருங்காட்சியகத்திலிருந்து நம் கூடத்துக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. அதே தொடரில் ஒப்பனை, அரங்க அமைப்பு, படப்பிடிப்பு ஆகியவற்றைக் காட்டும் படங்களையும் தனிப் பகுதியாகவே அவர் வைத்தார். பொம்மையோடு அச்சையும் சேர்த்துக் காட்சிக்கு வைத்ததற்கு ஒப்பானது இது.

டெல்லிக் கலைஞர் சோனியா குரானாவின் ‘பறவை’ என்ற 1999-ஆம் ஆண்டுக் காணொளி இன்னும் நேரடியானது. ஆடையற்ற, பருத்த தம் உடலோடு அவர் பறக்க முயல்கிறார், தள்ளாடுகிறார், விழுகிறார். பார்வைக்கு விருந்தாக அன்றி, முயற்சி செய்யும் உயிராக ஒரு பெண்ணுடலைப் பார்க்க நம் கண்கள் எவ்வளவு பழக்கமற்றவை என்பதை அது உணர்த்துகிறது. சென்னையில் வாழ்ந்த சந்திரலேகா வேறொரு வழியில் இதைச் செய்தார். 1985-இல் ‘அங்கிகா’ மூலம் பரதத்தோடு களரியையும் யோகத்தையும் இணைத்தார். நகைகளும் நாணமும் நிறைந்த நாயகியை நீக்கிவிட்டு, முதுகெலும்பும் தசையும் பேசும் உடலை மேடைக்குக் கொண்டுவந்தார். நரைத்த கூந்தலை மறைக்காமலேயே 2006 வரை வாழ்ந்து மறைந்தார்.

இன்னும் பின்னோக்கிப் போனால், நம் மரபு காரைக்காலில் நம்மை நிறுத்துகிறது. வணிகர் குலத்துப் புனிதவதியைக் கணவன் தெய்வமென்று அஞ்சி விலகி வேறு மணம் செய்துகொண்டபோது, அவனுக்காகச் சுமந்த உடலழகு இனி எனக்கெதற்கு என்று அவர் இறைவனிடம் கழற்றிக் கொடுத்ததாகச் சேக்கிழார் சொல்கிறார். எலும்பும் நரம்பும் தெரிய, கையில் தாளத்துடன், புன்னகைத்தபடி அமர்ந்திருக்கும் அம்மையாரின் சோழர் காலச் செப்புத் திருமேனியைக் கலை உலகம் கொண்டாடுகிறது. பக்தியையும் நவீன எதிர்ப்பையும் ஒன்றாக்கிவிட நான் விரும்பவில்லை. அம்மையார் நாடியது இறைவன் திருவடியை. ஆனால், அழகு என்பது இன்னொருவருக்காகச் சுமக்கப்படும் சுமை என்ற எண்ணமும், அதை இறக்கி வைக்கும் உரிமை சுமப்பவருக்கு உண்டு என்ற எண்ணமும் நமக்கு அந்நியமானவை அல்ல என்பதை அவர் வரலாறு உறுதிசெய்கிறது.

பத்துப் பவுன்

இதையெல்லாம் தெளிந்தவனைப் போல எழுதும் நான், என் கணக்கையும் சொல்லியாக வேண்டும். 1990-களின் பிற்பகுதியில் என் அக்கா மகளுக்கு வரன் தேடினோம். முதுகலை படித்தவள், நல்ல கறுப்பு நிறம். மணமகன் தேவை விளம்பரத்தை எழுதும் பொறுப்பு, படித்தவன் என்பதால் எனக்கு வந்தது. காலையில் வகுப்பில் வெப்லனை நடத்திவிட்டு, மாலையில் ‘சிவந்த நிறம்’ என்று எழுதினேன். சொல் கணக்கில் கட்டணம். அந்த இரு சொற்களுக்கும் சேர்த்தே பணம் கட்டினேன்.

பத்திரிகையைப் படித்துவிட்டு அவள் என்னிடம் கேட்டாள்: “மாமா, இந்த விளம்பரத்துல இருக்கற பொண்ணு யாரு?”

நான் பதில் சொல்லவில்லை. விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்கள் தங்களுக்குள் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பிறகு இடைப்பட்டவர் மூலம் செய்தி வந்தது: பேசியதற்கு மேல் பத்துப் பவுன். காரணத்தை அவர்கள் மறைக்கவுமில்லை. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டதை நன்கறிந்த நான், அந்தப் பத்துப் பவுனுக்குக் கடன் வாங்கிக் கொடுத்தேன். அழகின் விலை குறித்து நான் படித்த ஆய்வுகள் எதிலும் இவ்வளவு துல்லியமான எண்ணைக் கண்டதில்லை. இன்று அவள் பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகளின் தாய். அந்தக் கேள்வியை அவள் மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

புஷ்பமாலாவின் படங்களைப் பின்னாளில் பார்த்தபோது, அந்தக் கேள்விதான் காதில் விழுந்தது. இந்தப் படத்தில் இருக்கும் பெண் யார்? கலைஞரா, லட்சுமியா, நம் ஆசையா? கலைஞர்கள் தம் உடலைக் கொண்டு கேட்பதும் வீட்டுப் பெண் கேட்டதும் ஒரே கேள்வி. முன்னதைப் புரியாத கலை என்றும் பின்னதை வாய்த்துடுக்கு என்றும் சொல்லிக் கடந்து வந்திருக்கிறோம்.

பெயர் மாறிய களிம்பு

நிலைமை மாறிவிட்டது என்பவர்கள் உண்டு. 1975-இல் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்டு லவ்லி’ களிம்பு, 2020-இல் ‘குளோ அண்டு லவ்லி’ ஆயிற்று. அதே ஆண்டு, முன்னணித் திருமண இணையதளம் ஒன்று எதிர்ப்புக்குப் பிறகு நிறத்தைக் கொண்டு வடிகட்டும் வசதியை நீக்கியது. நிறத்தைக் காட்டி எவரையும் தாழ்த்தக் கூடாது என்று விளம்பரத் தரநிலைக் குழுமம் 2014-லேயே நெறிமுறை வகுத்தது. நிறத்தைச் சிவப்பாக்குவதாகக் கூறும் விளம்பரங்களையும் 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவர 2020-இல் மத்திய அரசு வரைவு ஒன்றை வெளியிட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் களிம்பின் பெயரை மாற்றுவதால் தேவை மாறுவதில்லை. ஒரு சொல் விலக்கப்பட்டால், அதே பொருளில் ‘பொலிவு’ போன்ற இன்னொரு சொல்லைச் சந்தை கண்டுபிடித்துக்கொள்கிறது.

2025 மார்ச்சில் அப்போதைய கேரளத் தலைமைச் செயலாளர் சாரதா முரளீதரன் எழுதியதை நினைவுகூர்வோம். அதே பதவியில் அவருக்கு முன் இருந்தவர் அவர் கணவர். இருவரின் பணிக்காலத்தையும் கறுப்பு வெள்ளை என நிறத்தோடு ஒப்பிட்டு ஒருவர் சொன்னதை அவர் பொதுவெளியில் வைத்தார். நான்கு வயதில், தன்னை மீண்டும் கருப்பைக்குள் வைத்துச் சிவப்பாகப் பெற்றெடுக்க முடியுமா என்று தாயிடம் கேட்டதையும் பகிர்ந்தார். ஒரு மாநிலத்தின் அதிகார அமைப்பில் உச்சப் பதவி வகித்தவருக்கே அந்த அச்சு விலக்கு அளிக்கவில்லை. கல்வியும் வருமானமும் உயர்ந்தால் இத்தகைய பாகுபாடுகள் தாமாகத் தேயும் என்று வகுப்பில் நான் சொல்லி வந்த பாடத்துக்கு, இதைவிடத் தெளிவான மறுப்புத் தேவையில்லை.

நிகழ்த்துகலை மட்டும் இதை மாற்றிவிடுமா என்றால், இல்லை. அதன் பார்வையாளர் மிகச் சிலர். கலைக்கூடங்களோ பெருநகரங்களில் உள்ளன. எதிர்ப்பும் ஏலத்தில் விலைபோகிறது. ‘உங்கள் உடலை நேசியுங்கள்’ என்ற முழக்கத்தை அழகுப்பொருள் நிறுவனங்களே கையில் எடுத்துக்கொண்டன. இக்குறைகளை மறுக்க முடியாது. ஆனால் அச்சு இருப்பதே தெரியாதவரை, அதை உடைக்கும் பேச்சுக்கே இடமில்லை. தெரியவைப்பது கலையின் பணி. அதற்கு மேல் செய்ய வேண்டியவை நம்முடையவை. நம் அரசுக் கல்லூரிகளிலும் கவின்கலைக் கல்லூரிகளிலும் பொருளியல், சமூகவியல், கலை மாணவர்கள் இப்படைப்புகளைச் சேர்ந்து பார்த்து விவாதிக்க வழிசெய்யலாம். வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரத்தில் ‘நல்ல தோற்றம்’ கேட்பதைத் தடுக்கலாம். இவற்றையெல்லாம்விட எளிதாக, நம் வீட்டு வரன் குறிப்பில் நிறத்துக்கான வரியை இன்றே அடித்துவிடலாம். அதற்குச் சட்டம் தேவையில்லை.

விருத்தாசலம் கோயிலின் அம்பிகைக்கு விருத்தாம்பிகை என்று பெயர். மூத்தவள் என்பது பொருள். குரு நமசிவாயர் அவளைக் கிழவி என்று பாடி உணவு கேட்டதாகவும், கிழவியால் எப்படிச் சோறு கொண்டுவர முடியும் என்று அவள் கேட்க, இளமையானவளாகப் பாடியபின் அவ்வாறே வந்து சோறளித்ததாகவும் தலக்கதை உண்டு. பாடுபவன் சொன்ன உருவத்தில் வந்து நிற்க அம்பிகையே உடன்பட்டாள் என்பதைச் சிறுவயதில் வியந்து கேட்டிருக்கிறேன். இப்போது அந்தக் கதை எனக்கு அவ்வளவு எளிதாகச் செரிப்பதில்லை.

சென்ற மாதம் அக்கா மகள் தொலைபேசியில் பேசினாள். அவளுடைய மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். பெண்ணுக்கு அம்மாவின் நிறம். குறிப்பு எழுத ஏதாவது உதவி வேண்டுமா என்று தயக்கத்துடன் கேட்டேன்.

“வேணாம் மாமா. இந்தத் தடவ அவளே எழுதிக்கறாளாம்” என்றாள். அவள் சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் மறக்காததை அவளும் மறக்கவில்லை என்று மட்டும் தெரிந்தது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).